நிலாவும் வாசல் தண்ணீரும்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஆடி மாதம். மும்பை, தாராவி. நேற்று இரவு தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. ஓர் அக்கா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து இட்லி அவித்து முடித்துவிட்டார். இட்லிப் பானை விற்பனைக்குப் போய்விட்டது. அடுத்த நாளுக்கு அரிசி ஊற வைக்க வேண்டும். அரிசி மூட்டை தரையில் கிடக்கிறது.

அந்த வழியாக மீன் கூடையுடன் கோளிவாடா மாவ்ஷி வருகிறார். பல வருடங்களாகத் தமிழர்கள் நடுவே மீன் விற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அக்கா, அரிசி மூட்டையைக் கீழே வைக்காதே. மேலே ஏற்று."

"ஏன் மாவ்ஷி?"

"இன்றைக்கு அமாவாசை. மத்தியானம் பர்த்தி பெரிசாக வரும். மழையும் விடவில்லை. நாலா நிரம்பிவிடும்."

அக்காவுக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனாலும் மகனைக் கூப்பிட்டு மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைத்தார். மதியம் ஒரு மணிக்கு வாசலில் தண்ணீர் வந்தது. பிறகு வீட்டுக்குள் வந்தது. கணுக்கால் அளவு நின்றது. மாலையில் மெல்ல வடிந்தது. மூட்டை நனையவில்லை.

மறுநாள் அக்கா கேட்டார்: "மாவ்ஷி, உனக்கு எப்படித் தெரிந்தது?"

"நிலாவைப் பார்த்துத்தான்."

"அமாவாசை அன்றைக்கு நிலாவே கிடையாதே! இல்லாத நிலாவை எப்படிப் பார்த்தாய்?"

மாவ்ஷி சிரித்தார். அவர் ஏமாற்றவில்லை. நிலாவுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. கடலுக்கும் நம் வாசலுக்கும் தொடர்பு உண்டு. அது என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

நகரத்து வானில் நிலா

நம் ஊரில், கிராமத்தில், இரவில் வானம் நிறைய நட்சத்திரங்கள் தெரியும். மும்பையில் அப்படித் தெரிவதில்லை. தெருவிளக்கு, கடை விளக்கு, வண்டி விளக்கு எல்லாம் சேர்ந்து வானத்தை வெளுக்க வைக்கின்றன. புகையும் தூசியும் வேறு. பெரிய நட்சத்திரங்கள் சிலதான் தெரியும்.

ஆனால் நிலாவை எந்த விளக்காலும் மறைக்க முடியாது. தாராவிச் சந்தில் நின்றாலும் தெரியும். மாதுங்கா ரயில் நிலையத்தில் நின்றாலும் தெரியும். செம்பூரில் மாடியில் நின்றாலும் தெரியும். வானத்தைப் படிக்கத் தொடங்க நிலாதான் நல்ல முதல் எழுத்து.

நிலா நம்மிடமிருந்து சுமார் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பூமியைச் சுற்றி வருகிறது. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. அது பாறையும் மண்ணும் கொண்ட ஓர் உருண்டை. சூரிய ஒளி அதன் மேல் படுகிறது. அந்த ஒளியே நிலவொளியாக நமக்கு வருகிறது.

நிலாவின் மண் எப்படி இருக்கும்? நம் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு வகைப் பாறை உண்டு. அது நிலாவின் மண்ணை ஒத்தது. நிலாவில் இறங்கும் கலத்தைச் சோதித்துப் பார்க்க அந்தப் பாறையை அரைத்து மண்ணாக்கிப் பயன்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலாவில் மெதுவாக இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல்.

நிலா ஏன் தேய்கிறது? ஏன் வளர்கிறது?

நிலா உண்மையில் தேய்வதில்லை. வளர்வதும் இல்லை. எப்போதும் முழு உருண்டைதான். அதன் ஒளி பட்ட பக்கம் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இரவில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரிய விடுங்கள். அதுதான் சூரியன். ஓர் எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் குத்திக் கையில் பிடியுங்கள். அதுதான் நிலா. உங்கள் தலைதான் பூமி. பழத்தைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளக்கைப் பார்த்து நில்லுங்கள். பழம் விளக்கின் பக்கம் இருக்கிறது. பழத்தின் ஒளி பட்ட பக்கம் விளக்கை நோக்கி இருக்கும். உங்களுக்கு இருண்ட பக்கம்தான் தெரியும். இது அமாவாசை.

இப்போது நின்ற இடத்திலேயே மெல்ல இடது பக்கம் திரும்புங்கள். பழமும் உங்களோடு திரும்பும். பழத்தின் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். இது பிறை. இன்னும் திரும்புங்கள். பாதிப் பழம் ஒளியாகத் தெரியும். இது அரை நிலா. விளக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முழுப் பழமும் ஒளியாகத் தெரியும். இது பௌர்ணமி. இன்னும் திரும்பினால் ஒளி மறுபடியும் குறையும். இது தேய்பிறை.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சுமார் இருபத்தொன்பதரை நாட்கள். நம் நாட்காட்டித் தாளில் அமாவாசையும் பௌர்ணமியும் அச்சிட்டிருப்பார்கள். எட்டாம் நாளை அஷ்டமி என்கிறோம். அன்று ஏறத்தாழ அரை நிலா. மூன்றாம் நாள் தெரிவதை மூன்றாம் பிறை என்கிறோம். ரமலான் நோன்பு முடிந்து பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். இப்படி நம் பண்டிகைகள் பலவும் நிலாவைப் பார்த்து வருபவைதான்.

மாவ்ஷி இப்படித்தான் நாள் எண்ணினார். தேய்பிறை நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்தார். ஒரு நாள் அது காணாமல் போனது. அமாவாசை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

கடல் ஏறுகிறது, இறங்குகிறது

மாகிம் கடற்கரைக்கோ தாதர் சௌபாத்திக்கோ போயிருப்பீர்கள். சில நாள் காலையில் போனால் கடல் தள்ளி நிற்கும். ஈர மணலும் பாறையும் தெரியும். மதியம் போனால் அந்த மணலும் பாறையும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அலை சுவரில் வந்து மோதும்.

இதுதான் கடல் ஏற்றமும் கடல் இறக்கமும். தமிழில் ஓதம் என்றும் சொல்வார்கள். மராத்தியில் ஏற்றத்தைப் பர்த்தி என்பார்கள். இறக்கத்தை ஓஹோட்டி என்பார்கள். ஒரு நாளில் கடல் ஏறத்தாழ இரண்டு முறை ஏறும். இரண்டு முறை இறங்கும்.

ஏன் ஏறுகிறது? நிலா இழுப்பதால்.

மேலே எறிந்த கல் கீழே விழுகிறது. பூமி அதை இழுக்கிறது. அதுபோல நிலாவும் பூமியை இழுக்கிறது. பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். தூரத்தில் இருப்பதைக் கொஞ்சம் குறைவாக இழுக்கும்.

நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடல் நிலாவுக்கு அருகில் இருக்கிறது. அதை நிலா அதிகம் இழுக்கிறது. அங்கே நீர் மேடாகிறது. பூமியின் மறுபக்கத்துக் கடல் நிலாவுக்குத் தூரத்தில் இருக்கிறது. அங்கே இழுப்பு குறைவு. பூமி இழுபடும் அளவுக்கு அந்த நீர் இழுபடுவதில்லை. அது பின்தங்கி நிற்கிறது. அங்கேயும் நீர் மேடாகிறது. இப்படி இரண்டு பக்கமும் நீர் மேடு உண்டாகிறது.

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் ஒவ்வொரு ஊரும் இந்த இரண்டு மேடுகளையும் நாளுக்கு ஒரு முறை கடக்கிறது. அதனால்தான் இரண்டு ஏற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் என்ன விசேஷம்?

சூரியனும் கடலை இழுக்கிறது. சூரியன் மிகப் பெரியது. ஆனால் மிகத் தூரத்தில் இருக்கிறது. அதனால் கடலை உயர்த்துவதில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு.

எலுமிச்சம்பழத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அமாவாசை அன்று விளக்கு, பழம், தலை மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. பௌர்ணமி அன்றும் மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. அந்த நாட்களில் சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்கின்றன. ஒரு கயிற்றை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பது போல. கடல் மிக உயரமாக ஏறும். மிகத் தாழ்வாக இறங்கும். இதைக் கோளி மக்கள் உதாண் என்கிறார்கள்.

அஷ்டமி நாட்களில் நிலா ஒரு பக்கம் இழுக்கும். சூரியன் குறுக்கே இழுக்கும். அதனால் கடல் அதிகம் ஏறாது. அதிகம் இறங்கவும் செய்யாது. இதை அவர்கள் பாங் என்கிறார்கள்.

பெரிய ஏற்றம் சரியாக அமாவாசை அன்றே வரும் என்று இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னும் பெரிதாக இருக்கும். ஆகவே அமாவாசையையும் பௌர்ணமியையும் அடுத்த மூன்று நான்கு நாட்களையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மும்பைக் கடல் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கேயும் கடல் உண்டு. அங்கேயும் அமாவாசை உண்டு. ஆனால் கடல் ஏறித் தெரு மூழ்கியதாக யாரும் சொல்வதில்லை. ஏன்?

தூத்துக்குடியிலும் சென்னையிலும் கடல் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஒரு குழந்தையின் உயரம் அவ்வளவுதான். மும்பையில் பெரிய நாட்களில் கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும். இரண்டு ஆட்களை ஒருவர் மேல் ஒருவர் நிறுத்தினாலும் அதைவிடக் குறைவுதான்.

மும்பைக்கு மேற்கே கடலின் அடித்தரை வெகு தூரம் வரை ஆழமில்லாமல் இருக்கிறது. அகலமான தாம்பாளம் போல. ஆழமில்லாத இடத்தில் நீர் நெருக்கப்படும்போது உயரமாகக் கிளம்புகிறது. மும்பைக்கு வடக்கே குஜராத்தில் காம்பட் வளைகுடா இருக்கிறது. அது புனல் போலக் குறுகிக்கொண்டே போகிறது. அங்கே பாவ்நகரில் ஏற்ற இறக்கம் 10 மீட்டரையும் தாண்டும்.

கடல் ஏறினால் நாலா ஏன் நிற்கிறது?

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி இருக்கிறது. அதன் குழாய் ஒரு வாளிக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி காலியாக இருந்தால் தொட்டித் தண்ணீர் சரசரவென இறங்கும். வாளித் தண்ணீர் தொட்டி மட்டத்துக்கு நிரம்பியிருந்தால்? தொட்டித் தண்ணீர் இறங்காது. தொட்டியிலேயே நிற்கும்.

மும்பையில் அப்படித்தான் நடக்கிறது. கடல்தான் வாளி. நம் தெருதான் தொட்டி. நாலாதான் குழாய்.

மும்பையின் மழைநீர்க் கால்வாய்கள் கடலிலும் கழியிலும் 186 இடங்களில் கலக்கின்றன. இவற்றில் 45 வாய்கள் கடலின் சராசரி மட்டத்தை விடத் தாழ்வானவை. 135 வாய்கள் சராசரி மட்டத்துக்கு மேலே உள்ளன. ஆனால் பெரிய ஏற்றம் வந்தால் அவையும் மூழ்கும். 6 வாய்கள் மட்டுமே எந்த ஏற்றத்திலும் மூழ்காதவை.

சில வாய்களில் கதவு வைத்திருக்கிறார்கள். கடல் ஏறும்போது கதவை மூடுவார்கள். கடல் நீர் ஊருக்குள் வராது. ஆனால் மழை நீரும் வெளியே போகாது. கடல் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது பெரிய பம்பு வைத்து இறைக்க வேண்டும். ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறு இடங்களில் இப்படிப் பம்பு நிலையங்கள் கட்டப்பட்டன.

தாராவியின் ஓரமாக மித்தி ஆறு ஓடுகிறது. விகார், பவாய் ஏரிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாகிமில் கடலோடு கலக்கிறது. தாராவி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். வந்து குடியேறியவர்கள் மண் கொட்டி, குப்பை கொட்டி மேடாக்கிய இடம். அதனால் பல தெருக்கள் தாழ்வாகவே இருக்கின்றன. மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கமும் தாழ்வுதான். பெரிய மழை வந்தால் அங்கே தண்ணீர் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

2005 ஜூலை 26

அந்த நாளை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் நகரத்தின் தென்கோடியில், கொலாபாவில், 73 மில்லிமீட்டர்தான் பெய்தது. ஒரே ஊரில் இவ்வளவு வித்தியாசம்.

மும்பையின் பழைய கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் தாங்கும்படி கட்டப்பட்டவை. அதுவும் கடல் இறங்கியிருந்தால்தான். அன்று பிற்பகலில் கடல் நாலரை மீட்டர் அளவுக்கு ஏறியிருந்தது. மேலிருந்து மழை. எதிரே கடல். மித்தி ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லை. குர்லா, சயான், தாராவிப் பக்கம் எல்லாம் வெள்ளம். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். பல வீடுகளில் அரிசி, துணி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போயின.

அன்று அமாவாசை இல்லை. பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். இதிலிருந்து நாம் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும். நிலா மட்டும் வெள்ளத்தைக் கொண்டுவருவதில்லை. கடல் எவ்வளவு ஏறினாலும் மழை இல்லாவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. மிகப் பெரிய மழை பெய்தால் எந்த நாளும் ஆபத்தான நாள்தான். மழையும் கடல் ஏற்றமும் ஒன்று சேரும் நேரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த வருடம் எந்த நாளில் எவ்வளவு மழை பெய்யும் என்று யாராலும் இப்போதே சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வருடம் எந்த நாளில், எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்று சொல்லிவிடலாம். ஏனென்றால் நிலா தன் பாதையை மாற்றுவதில்லை. நம் நாட்டில் இந்த அட்டவணையை ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்கூட்டியே அச்சிடுகிறார்கள்.

கிரகணமும் இதே வரிசைதான்

சூரியன், பூமி, நிலா மூன்றும் மிகச் சரியாக ஒரே கோட்டில் வந்தால் கிரகணம். அமாவாசையில் நிலா சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். பௌர்ணமியில் பூமியின் நிழல் நிலா மேல் விழுந்தால் சந்திர கிரகணம். பாம்பு விழுங்குவது இல்லை. நிழல்தான்.

2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. இரவு 11 மணி முதல் 12.22 மணி வரை நிலா முழுவதும் பூமியின் நிழலில் இருந்தது. மேகம் இல்லாத இடங்களில் செம்பு நிறத்தில் தெரிந்தது. 2028 டிசம்பர் 31 அன்று இரவு இன்னொரு முழுச் சந்திர கிரகணம் இந்தியாவில் தெரியும். மும்பையில் அது மழை இல்லாத மாதம். புத்தாண்டு பிறக்கும் இரவில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். எந்தக் கெடுதலும் இல்லை. கர்ப்பிணிப் பெண்ணும் பார்க்கலாம். சமைத்த சோற்றைக் கொட்ட வேண்டாம்.

சூரிய கிரகணம் அப்படி இல்லை. சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் கண் கெட்டுவிடும். அதற்கென்று செய்த கண்ணாடி வேண்டும். 2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை அன்று மும்பையில் சூரியனின் ஒரு பகுதி மறையும். அது மழைக்காலம். மேகம் விலகினால்தான் தெரியும்.

நிலாவைப் பார்த்துக் கடல் நேரம் சொல்லலாம்

மும்பைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நிலா தலைக்கு மேலே உச்சியில் இருந்தால் கடல் ஏறியிருக்கும். நிலா எழும்போதும் மறையும்போதும் கடல் இறங்கியிருக்கும். இது ஏறத்தாழ சரியாக வரும். வேறு ஊர்களுக்கு இதே கணக்குப் பொருந்தாது.

மழைக்காலத்தில் நிலா தெரியாதே, என்ன செய்வது? நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மும்பைக் கடல் நடுப்பகல் 12 மணிவாக்கிலும் நள்ளிரவிலும் ஏறும். அடுத்தடுத்த நாட்களில் ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தாமதமாகும். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்றால் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கலாம்.

சரியான நேரம் வேண்டுமா? மழைக்காலத்தில் மும்பைச் செய்தித்தாள்களில் கடல் ஏறும் நேரமும் உயரமும் வரும். நேரம் மணியில் இருக்கும். உயரம் மீட்டரில் இருக்கும். எந்த மொழித் தாளாக இருந்தாலும் எண்களை நீங்கள் படித்துவிடலாம். உயரம் 4.5 மீட்டருக்கு மேல் என்றால் அது பெரிய ஏற்றம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு மாநகராட்சி இந்தப் பெரிய நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்து உங்கள் நாட்காட்டித் தாளில் சிவப்பு வட்டம் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.

வட்டம் போட்ட நாளில் என்ன செய்யலாம்?

மழை விடாமல் பெய்கிறதா என்று பாருங்கள். பெய்தால் கடல் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

அரிசி, மாவு, பருப்பு எல்லாவற்றையும் பலகை மேலோ பரண் மேலோ ஏற்றுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். குடிதண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

தெருவில் தண்ணீர் நின்றால் கழியால் ஊன்றிப் பார்த்து நடங்கள். தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி திறந்திருக்கலாம். நீங்களாக மூடியைத் திறக்காதீர்கள்.

காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வரும். வெள்ளத்தில் நடந்த பிறகு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பாதீர்கள். உதவி வேண்டுமானால் மாநகராட்சியின் 1916 என்ற எண்ணை அழையுங்கள்.

நாலாவில் குப்பை கொட்டாதீர்கள். கடல் இறங்கும்போது தண்ணீர் போகக் கிடைக்கும் நேரம் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எப்படிப் போகும்? அதே போல, குப்பை வண்டி ஒழுங்காக வரவும், மழைக்கு முன்பே நாலாவைத் தூர் வாரவும் தெருவே சேர்ந்து கேட்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் மனு எழுதலாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடலாம்.

மழை விட்ட பிறகு

புரட்டாசி கழிந்தால் மும்பை வானம் மெல்லத் தெளியும். அப்போது நிலாவோடு வேறு சிலவற்றையும் பார்க்கலாம். மின்னாமல் பளிச்சென்று நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள். மேற்கே அந்தி நேரத்திலோ கிழக்கே விடியலிலோ மிகப் பளிச்சென்று தெரிந்தால் அது வெள்ளியாக இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அருகே சிவப்பாக ஒன்று தெரியும். அதுதான் திருவாதிரை. மும்பை விளக்குகளுக்கு நடுவிலும் இவை தெரியும்.

வொர்லியில் நேரு கோளரங்கம் இருக்கிறது. 1977-இல் திறக்கப்பட்டது. வட்டக் கூரையில் வானத்தைக் காட்டும் இடம். போவதற்கு முன்பு காட்சி நேரத்தைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளோடு போய் வரலாம்.

இட்லி அக்காவின் வீட்டுச் சுவரில் இப்போது நாட்காட்டித் தாளில் சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. மீன் கூடையோடு வந்த மாவ்ஷியிடம் அவரே சொல்கிறார்:

"மாவ்ஷி, நாளை மறுநாள் பௌர்ணமி. பர்த்தி 12.40-க்கு. உன் மகனிடம் சொல்லு."

"உனக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"நிலாவைப் பார்த்தேன். பேப்பரையும் படித்தேன்."

யோசித்துப் பாருங்கள்

1. இன்று நிலா வளர்பிறையா, தேய்பிறையா? இரவில் வெளியே போய்ப் பாருங்கள்.

2. அடுத்த அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது? நாட்காட்டியைப் பாருங்கள்.

3. உங்கள் தெருத் தண்ணீர் எந்த நாலாவில் போய்ச் சேர்கிறது? அந்த நாலா எங்கே போகிறது?

4. உங்கள் வீட்டில் முக்கியமான காகிதங்கள் எங்கே இருக்கின்றன? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்?